நின்றுபோன ஃபிரிட்ஜ்

புது ஃபிரிட்ஜ் வாசலில் வந்து இறங்கியபோது, தையல்காரிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது போலிருந்தது.

அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சின்னப் பிள்ளை, அதற்குள் மகளுக்குச் சர்க்கரை நோய். வேளாவேளைக்கு ஊசி போட வேண்டும். மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும். வீட்டை வாங்கியபோது கூடவே வந்த பழைய ஃபிரிட்ஜோ கதவு சரியாக மூடாமல், அடியில் தண்ணீர் ஒழுக, இரவும் பகலும் நோயாளி மாதிரி முனகிக்கொண்டு கிடந்தது. மருந்து கெட்டுப்போனது தெரியாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, செத்துப் பிழைத்து வந்தது.

"முதல்ல அந்தச் சனியனத் தூக்கி வெளிய போடு" என்றான் லாரி ஓட்டும் கணவன், எங்கோ தூரத்து நெடுஞ்சாலையிலிருந்து.

வீட்டை விற்றவர் சாவி கொடுக்கும்போது, "ஃபிரிட்ஜ மட்டும் நிறுத்தாதீங்கம்மா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று சொல்லியிருந்தார். நிறுத்தினால் மறுபடி ஓடாது என்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

கடை ஆட்கள் இருவர் பழையதன் தட்டுகளை உருவி வெளியே வைத்தார்கள். ஒருவன் பிளக்கைப் பிடுங்கினான்.

முனகல் நிற்கவில்லை.

"டேய், சரியாப் புடுங்கினியா?"

"ஒயர் என் கையிலதான்டா இருக்கு."

இருவரும் அதைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நீட்டிய தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வண்டியேறிப் போய்விட்டார்கள்.

அவள் மருந்துக் குப்பிகளைப் புதியதில் வைத்து நிமிர்ந்தபோது, பின்பக்கத்து முனகல் சட்டென்று அடங்கியது.

அந்த வீடு அத்தனை அமைதியாக இருந்து அவள் கேட்டதேயில்லை.

எட்டிப் பார்த்தாள். உச்சி வெயில் தகரக் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில், மின்சாரமே இல்லாத ஃபிரிட்ஜின் வெளிப்புறமெங்கும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஈர இரும்பும் அழுகின பூவும் கலந்தாற்போல ஒரு வாடை. வீட்டை விற்றவருக்குப் போன் போட்டாள்.

அவள் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "நின்னுடுச்சாம்மா?"

"ஆமாண்ணே, இப்பத்தான்."

"ஓடுற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. நின்னப்புறம் கதவத் திறந்துடாதீங்க. உள்ளேருந்து யாரு கூப்பிட்டாலும் சரி."

"உள்ளேருந்து யாருண்ணே கூப்பிடப் போறாங்க?"

"என்னைய எங்கம்மா குரல்ல கூப்பிட்டுச்சு" என்றார். இணைப்பு அறுந்தது.

அவளுக்கு முதலில் மகள் ஞாபகம்தான் வந்தது. ஓடினாள். படுக்கை காலி. கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. தையல் மெஷினுக்குப் பின்னால், துணி மூட்டைகளுக்கு நடுவில், எங்குமே இல்லை.

"பாப்பா! ஏய் பாப்பா!"

டொக். டொக்.

பின்பக்கமிருந்து.

"அம்மா..."

அது அவள் மகளின் குரல். அச்சுப் பிசகாமல் அதே குரல்.

"அம்மா, இருட்டா இருக்கு. மூச்சு முட்டுதும்மா."

தட்டுகளை உருவியாயிற்று. ஒரு பிள்ளை தாராளமாக உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அந்த நினைப்பு வந்ததும் பின்பக்கம் ஓடினாள்.

"நீயாடி? சத்தியமா நீதானா? அப்பா உன்னை என்னன்னு கூப்பிடுவாரு, சொல்லு!"

பதிலுக்கு நகத்தால் பிறாண்டும் சத்தம் மட்டும். பிறகு, மெலிந்துபோய்: "ஊசி போடலியேம்மா... மயக்கமா வருது..."

எந்தத் தாயால் அதற்குமேல் நிற்க முடியும்?

கதவைப் பற்றி இழுத்தாள். இத்தனை நாள் மூட மறுத்த கதவு, இன்று சுவரோடு வைத்துப் பூசினாற்போல் இறுகிக் கிடந்தது. உள்ளங்கைத் தோல் பனியில் ஒட்டி உரிந்தது. துணி வெட்டும் கத்தரியை இடுக்கில் செருகி, காலால் உதைத்து, "வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்" என்று அலறியபடியே நெம்பினாள்.

கதவு திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

கதவின் உட்புறம் மட்டும் மேலிருந்து கீழ்வரை நகக்கீறல். குளிர்ந்த காற்று ஒன்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு, சாவகாசமாக வீட்டுக்குள் போனது.

"என்னம்மா இந்தக் கத்து கத்துற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கவாட்டுச் சந்தில் எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தாள். அவள் இடுப்பில் மகள், கையில் ஒரு பொம்மையோடு.

"அப்பவே எங்க வீட்டுக்கு வந்துட்டா. நீ வேலையா இருந்த, சொல்லலாம்னா முடியல. ஐயோ, கையெல்லாம் ரத்தம்!"

பிள்ளையைப் பறித்து மார்போடு அணைத்தாள். சூடான, வியர்வை நாறும், உயிருள்ள உடம்பு. வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. செருப்பில்லாமல், கதவைப் பூட்டாமல், அப்படியே தெருவில் இறங்கி நடந்தாள். வழியில் மருந்துக்கடையில் ஊசியும் மருந்தும் வாங்கிக்கொண்டு, ஊரின் மறுகோடியிலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்த்தான் நின்றாள். கணவனுக்கு விடாமல் போன் போட்டாள். அவன் எடுக்கவேயில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவனே கூப்பிட்டான். மகள் ஊசி போட்டுக்கொண்டு, அவள் மடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். கதவு ஆன்னு திறந்து கெடக்கு. நோயாளிப் பிள்ளைய இப்படியா தனியா விட்டுட்டுப் போவ?"

அவள் குனிந்து, மடியில் தூங்கும் மகளைப் பார்த்தாள்.

"பாப்பா உடம்பு ஏன்டி இப்படிச் சில்லுனு இருக்கு? கழுத்தக் கட்டிக்கிட்டு, இறங்கவே மாட்டேங்குறா..."