இருநூற்றுப் பதினான்கு கேள்விகள்

உறைபெட்டி எண் 61 வேண்டுமா, வேண்டாமா என்று சுயம்புலிங்கம் சொல்ல இன்னும் எழுபத்திரண்டு நிமிடங்கள் இருந்தன. டைட்டனுக்குப் போகும் கப்பலில் அது கடைசிப் பெட்டி. பதினான்கு மாதங்கள் அதில் உறைந்து கிடந்து, அங்கே இளகி எழுந்து, காபி குடித்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போகலாம். அவர் ஊரான உடன்குடியில் பாதித் தெரு அப்படிப் போயிருந்தது. அடுத்த கப்பலுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகும்.

பெட்டியைப் பதிவு செய்தவள் அவர் மனைவி ஜெயக்கனி. டைட்டனில் பனி துளைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறாள். ஒப்புதல் அவருடைய சுடரேடு என்னும் திரைப்பலகையிலிருந்து போக வேண்டும். அந்த வீட்டில் டைட்டனின் மெல்லிய அலைகளைப் பிடிக்கும் பலகை அது ஒன்றுதான்.

அவருக்குப் பெட்டி பற்றித் தெரியாது. மூன்று ஆண்டுகளாக மனைவி ஒரு வரி எழுதவில்லை என்பது மட்டும் தெரியும்.

வாசலில், சுடரேடு விற்ற கடையின் விடைப்பொறி வந்து நின்றது. வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அதன் வேலை. அன்று காலை டைட்டனிலிருந்து அதற்கு ஒரு கேள்வி வந்திருந்தது: "நானூற்று ஆறு கடிதம் அனுப்பிவிட்டேன். ஒன்றையும் அவர் திறக்கவில்லை. ஏட்டில் கோளாறா?" பெட்டியின் கெடு அதற்குத் தெரியும்; ஆனால் கடிதங்களில் இருப்பதை வெளியே சொல்ல அனுமதி இல்லை. கோளாறு உண்டா என்று பார்க்கலாம். அதையும் கடை கொடுத்த கேள்வி வரிசைப்படிதான் கேட்க வேண்டும்.

"கும்பிடுதேன் அண்ணாச்சி. உங்க ஏட்டுல கோளாறு இருக்கலாம்னு வந்திருக்கேன். கொஞ்சம் அவசரம்."

"கோளாறா? என் ஏட்டுலயா? ஒரு கீறல் காட்டு வே, பாப்போம்!"

அவரை அந்தப் பொறிக்கு நன்றாக நினைவிருந்தது. சுடரேடு வாங்கும் முன் பதினோரு நாள் கடைக்கு வந்து இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் கேட்டவர். தண்ணீர் பட்டால்? எறும்பு போனால்? எழுதுகோல் தனியாக வாங்க வேண்டுமா? சின்னது போதுமா, பெரியதா? கடைசிக் கேள்வி, திரை மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் திரும்ப ஒட்டலாமா என்பது. ஒட்டாது என்று பொறி சொன்னது. அதன் பிறகே வாங்கினார்.

"ஏடு எங்க இருக்கு அண்ணாச்சி?"

"பீரோவுல. அவ கல்யாணப் பட்டுக்கு அடியில. இந்த மழைக்காத்துல வெளிய எடுக்கக் கூடாது. நீ கேளு, நான் சொல்லுதேன்."

நாற்காலிகள் மேல் ஆலையிலிருந்து வந்த பாலிதீன் உறை அப்படியே இருந்தது. பொறி உட்கார்ந்தபோது அது சரசரத்தது.

"மின்சாரம் எவ்வளவு நாள் நிக்குது?"

"சும்மா கெடந்தா அஞ்சு வருசம். நீ சொன்னதுதான்."

"இடம் நெறஞ்சிருக்குமோ?"

"ரெண்டு லட்சம் கடுதாசி பிடிக்கும். ஒண்ணு வந்தாத்தான நெறையுறதுக்கு!"

"கடிதம் வந்தா மணி அடிக்குதா?"

அவர் குரல் தணிந்தது. "தானா முழிச்சு அடிக்கும்னு சொன்ன. பீரோப் பக்கத்துலயேதான் படுத்துக் கெடக்கேன். அடிக்கலையே. அவ மறந்துட்டா, அம்புட்டுதான்."

"அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி."

"சரி, அதை விடு. அடுத்த மாடல் வருதாமே? இதைக் கொடுத்துட்டு அதை எடுக்கலாமா? அதுல படம் இன்னும் தெளிவா இருக்குமோ?"

வாங்கியவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பொறி சொன்னது. அவர் மேலும் கேட்டார். புது மாடலின் தடிமன், எடை, உறையின் நிறம், பழைய எழுதுகோல் இதற்கும் ஆகுமா என்பது வரை கேட்டார். பொறியின் வரிசை முடிந்தபோது ஒரே ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. கோளாறு எதுவும் அகப்படவில்லை.

வரிசையில் இல்லாத ஒன்று பாக்கி இருந்தது. சுடரேடு முதல் முறை விழிக்க, தாளை உரித்து, பொத்தானை அழுத்தி, உரியவர் முகத்தைக் காட்ட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் கடிதம் வந்தால் தானாக விழிக்கும். இதைப் பொறி இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, வாங்கின பொறவு அதை எப்போ ஆன் பண்ணுனிய?"

சுயம்புலிங்கம் பீரோவைப் பார்த்தார். பொறியைப் பார்த்தார். மடியில் இருந்த சாவியை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பொறியின் உள்ளே மிச்ச நேரத்தின் எண்கள் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் நின்றன.

"எப்படிவே ஆன் பண்ண?" என்றார் அவர். "உரிச்சா திரும்ப ஒட்டாதுன்னு நீதான சொன்ன. இன்னும் உரிக்கல."