பூஜ்ஜிய வரிசை

ஸ்கேனர் அவளைச் சுவருக்குள் போகச் சொன்னது.

‘வரிசை 0. ஒரு பொருள் எடுக்கவும்’ என்று அந்தச் சின்னத் திரையில் பச்சை எழுத்து மினுங்கியது. குடோனில் வரிசைகள் ஒன்றில் ஆரம்பித்துப் பதினெட்டில் முடிகின்றன. ஒன்றாம் வரிசையின் இரும்பு ரேக்குக்குப் பின்னால் ஒரு சாண் சந்து, அதற்கப்பால் தகரச் சுவர், அதற்கும் அப்பால் லாரிகள் நிற்கும் வெளி. பூஜ்ஜியம் என்று ஒரு வரிசை எங்கேயும் இல்லை. அது கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற இடம். அங்கே இருப்பதையெல்லாம் போட்டது யார் என்று கேட்டால், பாதிக்கு மேல் அவளேதான்.

இந்தச் சாஃப்ட்வேர் வந்தபோது குடோன் பொறுப்பாளர் என்ற முறையில் அவள்தான் அதிகம் சந்தோஷப்பட்டாள். பின்னே? அதற்கு முன்பெல்லாம் ஒரு பெட்டியைக் கேட்டால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அரை நாள் தேட வேண்டும். இப்போது பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர், தட்டுக்கு ஒரு ஸ்டிக்கர், இரண்டையும் ‘பீப்’ என்று காட்டினால் தீர்ந்தது. எது எங்கே இருக்கிறது, எது முதலில் கெட்டுப்போகும், எது தீரப்போகிறது, எந்த வழியாக நடந்தால் கால் வலி குறையும் என்பது வரைக்கும் அதுவே சொல்லிவிடும். லாரிகள் வாசலில் காத்துக் கிடந்த காலம் போயே போய்விட்டது. முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அன்றைய நாளை முடிக்க விடாது. நாள் முடியாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எலி இழுத்துப் போயிருக்கும், எண்ணியவன் தூங்கியிருப்பான், அதெல்லாம் அதற்குப் புரியாது. குறைகிற பெட்டியைப் பூஜ்ஜிய வரிசையில் இருப்பதாகத் தள்ளிவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். அவளும் தினமும் தள்ளிவிட்டு, தினமும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இன்று அது திருப்பிக் கேட்கிறது.

“சிஸ்டம் தப்பா சொல்லாது மேடம்,” என்றார் போனில் சாஃப்ட்வேர்காரர்.

“சார், அங்க சுவர்தான் இருக்கு.”

“ஸ்டாக் இருக்குன்னு காட்டுதே. நீங்கதான் யாரோ வச்சிருக்கீங்க. எடுத்துடுங்க, முடிஞ்சிடும்.”

“சுவத்துக்குள்ள இருந்து எப்படி சார் எடுக்கிறது?”

“எதுக்கும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்.”

ஏற்கெனவே நாலு தடவை பண்ணியாகிவிட்டது. அந்தச் சுவரிலேயே போய் முட்டிக்கொள்ளலாம் போல அவளுக்கு எரிச்சல் பொங்கியது.

பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் தம்பி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கூடப் பிறந்த தம்பி. அவள்தான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். ‘என் கண்பார்வையிலயே வச்சுக்கறேன்’ என்று அம்மாவிடம் சொல்லித்தான் அவனை அழைத்து வந்தாள்.

“நீ ஏன்க்கா அதுகூட மல்லுக்கட்டுற? நான் சுவத்துகிட்ட போய் என் ஸ்கேனர்ல ‘எடுத்துட்டேன்’னு அமுக்கிட்டு வரேன். அது என்ன எட்டியா பாக்கப் போகுது?”

“போய்த் தொலை. சீக்கிரம் வா,” என்றாள் அவள்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஜன்னல் இல்லாத குடோனுக்குள் பகலும் இரவும் ஒன்றுதான். ஆள் அசைந்தால் விளக்கு எரியும், நகர்ந்துவிட்டால் அணையும். அட்டையும் பசையும் கலந்த அந்தப் புழுங்கிய வாடைக்குள், வண்டியின் முனகல் தேயத் தேய, அவன் தலைக்கு மேல் ஒவ்வொரு வரிசையாக விளக்குகள் விழித்து விழித்து அணைவதை அவள் மேசையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்றாம் வரிசை எரிந்தது. பிறகு அதற்கும் அந்தப் பக்கம், விளக்கே மாட்டாத இடத்தில், மங்கலாக இன்னொன்று எரிந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

“அக்கா, இங்க வழி இருக்கே.”

“விளையாடாதடா.”

“நிஜமாக்கா. நாம தொலைச்சதெல்லாம் இங்கதான் இருக்கு. ஒண்ணு விடாம அடுக்கி வச்சிருக்கு. கிழிஞ்ச பெட்டிகூட.”

“யாருடா அடுக்கினது?”

வாக்கி-டாக்கியில் யாரோ செருப்பில்லாமல் நடக்கிற சத்தம். பிறகு ஒரு ‘பீப்’.

“அக்கா,” என்றான் தம்பி. குரல் இறங்கியிருந்தது. “என்னை எதுக்குக்கா ஸ்கேன் பண்றாங்க?”

அவள் ஓடினாள். ஒன்றாம் வரிசையில் வண்டி மட்டும் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் இன்னும் சூடு. ரேக்குக்குப் பின்னால் அதே ஒரு சாண் சந்து. இருட்டு.

அவள் கையில் ஸ்கேனர் அதிர்ந்தது. ‘வரிசை 0. ஒன்று சேர்க்கப்பட்டது. எடை 61 கிலோ. வித்தியாசம் இல்லை. நாள் முடிந்தது.’

“டேய்!” என்று கத்தினாள்.

சந்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கட்டைவிரலில் தழும்பு. தம்பியின் கை. புறங்கையில் புத்தம் புதிய பார்கோடு ஸ்டிக்கர். அவள் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. ஆனால் விரல்கள் அவள் விரல்களை இறுக்கிக்கொண்டன.

ஸ்டிக்கர்மேல் ஸ்கேனரைக் காட்டினாள். ‘எடுக்கக் காரணம்?’ என்று கேட்டது. உடைந்தது. காலாவதியானது. வாடிக்கையாளர் திருப்பியது. வேறு எதுவும் இல்லை. முதல் இரண்டையும் அமுக்க அவளுக்குக் கை வரவில்லை. மூன்றாவதை அமுக்கினாள்.

‘மேனேஜர் ஒப்புதல் தேவை.’ ஸ்கேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்பியின் கையை விடாமலே மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“சார், என் தம்பி உள்ள மாட்டிக்கிட்டான். ஒரு ஒப்புதல் குடுங்க சார்.”

“எதுல மாட்டிக்கிட்டான்?”

“பூஜ்ஜிய வரிசைல சார்.”

மேனேஜர் சிரித்தார். “இன்னிக்குத்தான் ஒரு வித்தியாசமும் இல்லாம முடிஞ்சிருக்கு. அதைப் போய்த் திறக்கச் சொல்றீங்களே? காலைல பாத்துக்கலாம்மா.”

வைத்துவிட்டார். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி ஸ்கேன் செய்தாள். ‘இப்பொருள் சரியான இடத்தில் உள்ளது.’ மறுபடியும். ‘சரியான இடத்தில் உள்ளது.’ கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். அந்தச் சனியனிடம் கெஞ்சவும் செய்தாள்.

அசையாமல் நின்றதில் தலைக்கு மேல் விளக்கு அணைந்தது.

கையை வீசினால் எரியும். ஒரு கையில் ஸ்கேனர், மறு கையில் தம்பி. ஸ்கேனரை வீசி எறிந்தாள். அது சிமென்ட் தரையில் உடைந்தது. விளக்கு எரியவில்லை.

இருட்டில் மூச்சுச் சத்தம். தம்பியுடையது ஒன்று. அவளுடையது ஒன்று. மூன்றாவது ஒன்று.

தம்பியின் விரல்கள் அவள் கையை உதறித் தள்ளின. போ, போ என்பதுபோல. அவள் விடவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவள் புறங்கையில் ஏதோ ஈரமாகப் படிந்தது. யாரோ அதன் ஓரங்களைச் சுருக்கம் விழாமல், அவசரமே இல்லாமல், கட்டைவிரலால் தடவித் தடவி ஒட்டினார்கள்.