உள்பக்கம் திறக்கும் கதவு

தாழ்ப்பாள் போடாத கதவு திறக்கவில்லை. தச்சன் உள்ளங்கையை வைத்துத் தள்ளினான். அது விரற்கடை அளவு உள்ளே போய், மறுபடி மெல்ல வந்து நிலையோடு பொருந்திக்கொண்டது. மரம் ஈரத்தில் ஊதினால் இறுகும், கீல் துருப்பிடித்தால் முனகும். தள்ளின கையைத் திருப்பித் தள்ளாது. பதினைந்து வருஷம் கதவோடு பழகிய கைக்கு அது தெரியாதா?

அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. உள்ளே நிறைமாத மனைவி மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

குடிவந்து பத்து நாள்தான். அந்தத் தெருவில் எல்லாக் கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். அசந்து நடந்தால் நெற்றி வீங்கும். மழையில் நனைந்து வீணாகிறதே என்று நேற்றுத்தான் தன் வீட்டுக் கதவைக் கழற்றி, கீலை மாற்றி அடித்து, ஊர் உலகத்தில் திறப்பதுபோல உள்பக்கம் திறக்க வைத்திருந்தான். எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை விட்டுவிட்டு எழுந்து வந்தார். எண்பது வருஷத்துக்கு முன் ஒரு மதியம் கூரைக்குக் கூரை தீ தாவி ஊரே எரிந்ததையும், உள்ளேயிருந்து வாசலுக்கு ஓடிவந்தவர்கள் கதவை உள்ளே இழுக்க ஓரடி இடமில்லாமல் பின்னால் வந்தவர்கள் நெருக்கியதையும், தீ தணிந்த பிறகும் வெளியிலிருந்து கதவுகளைத் தள்ளித் திறக்க முடியாமல் போனதையும் சொன்னார்.

"கதவுக்கு அவ்வளவு ஞாபகசக்தியா அண்ணே? எனக்கு நேத்துச் சாப்பிட்டதே மறந்துபோச்சு" என்று தச்சன் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "ஞாபகம் கதவுக்கா இருக்கும், தம்பி?"

இப்போது தோளைக் கொடுத்து முட்டினான். மரத்துக்குப் பின்னால் கெட்டியாக எதுவுமில்லை. மெத்தென்று, அடுக்கடுக்காக, அழுத்த அழுத்த நெகிழ்ந்து திரும்ப வரும் ஒரு பாரம். இடுக்கு வழியாக வெப்பம் வந்தது. முடி பொசுங்கும் வாடை.

"என்னம்மா, கதவுல சாஞ்சு நிக்கிறியா? தள்ளிக்கோ, வயித்துல இடிச்சிடப் போகுது."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது ஒருவருடைய மூச்சு அல்ல.

எதிரே தையல் மிஷின் சத்தம் நின்றது.

இடுக்கில் ஒரு விரல் வந்தது. கரிய விரல். அதன்மேல் இன்னொன்று. வாசற்படியிலிருந்து மேல்நிலை வரை, வரிசை வரிசையாக, கதவின் விளிம்பைப் பற்றின. இழுத்தன. முடியவில்லை.

அப்போதுதான் வெகு உள்ளேயிருந்து, தூக்கம் கலையாத அவள் குரல் கேட்டது.

"யாருங்க இவங்கல்லாம்? அத்தனை பேரும் முதுகைக் காட்டிட்டு நிக்கிறாங்க."

"கட்டிலை விட்டு எறங்காத. இங்க வராத."

"பயமா இருக்குங்க. நான் வெளிய வந்துடுறேன்."

வெறுங்கால் சத்தம். அருகே. இன்னும் அருகே.

கரிய விரல்களுக்கு நடுவே, கருகாத நான்கு விரல்கள் நுழைந்து கதவைப் பிடித்தன. அவன் அவற்றைப் பற்றினான். சுட்டது. நகக்கண்ணில் தொடங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவை ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு வந்தன.