பியானோவை ஒட்டிய நாற்காலி

காலை ஆறு மணிக் கச்சேரிக்குக் கூட்டம் வழிந்தது. விடிய விடிய உழைத்த அட்லாண்டிக் சிட்டி, தூங்கப் போகும் முன் கறுப்பர் நடத்தும் டோலிவர் கிளப்பில் முட்டையும் காபியுமாய் ஜாஸ் கேட்கும் நேரம் அது. வெளியே மழை...

பியானோ வாசிக்க வந்த வெண்டல் நின்றுவிட்டான். பியானோவை ஒட்டிய நாற்காலியில் ஒரு பெண். ஓட்டல் பணிப்பெண் உடுப்பு, நனைந்த தோள், கழற்றிப் போட்ட காலணி.

“அதுக்கு ஆள் இருக்கு. எந்திரிங்க.”

“கண்ணுக்குத் தெரியலையே... அவ்வளவு ஒல்லியா?”

பக்கத்து மேசைகளில் யாரும் சிரிக்கவில்லை. அது எஸ்டெல்லின் இடம். வெண்டலின் மனைவி. இறந்து இரண்டு வருடம்.

“எந்திரிங்கன்னேன்.”

அவள் நிமிர்ந்தாள். மழை கழுவிவிட்ட கண்கள்... அவற்றிலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது.

“ராத்திரி பூரா வெள்ளைக்காரங்க ஓட்டல்ல நாற்காலி தொடைக்கிறேன். அதுல உக்காந்தா வேலை போயிடும். இது நம்மாளு நடத்துற இடம், இங்கயாவது உக்காரலாம்னு வந்தேன்... இங்கயும் எந்திரியா?”

காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

“தப்புப் பண்ணிட்டடா,” என்றார் முதலாளி டோலிவர். “லுவெல்லான்னு பேரு. சீசன் வேலைக்கு வர்ஜீனியாவுலேருந்து வந்த பொண்ணு. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிடுவா. நான் கிளப்பு தொறந்ததே நம்ம சனம் உக்காரத்தான்.”

வெண்டல் பியானோ முன் உட்கார்ந்தான். வாசித்தான்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்... நாற்காலி காலியாகவே இருந்தது. அப்படி இருக்கத்தானே விரும்பினான்? ஆனால் வாசிக்கும்போது கண் அங்கே போனது. அது தேடியது எஸ்டெல்லை அல்ல. அது புரிந்த நொடியில் விரல்கள் தடுமாறின.

ஞாயிறு காலை. மறுபடி மழை. லுவெல்லா பெட்டியோடு வந்து சுவரோரம் நின்றாள். காலி நாற்காலியை ஒரு முறை பார்த்தாள். அசையவில்லை.

வெண்டல் பாதிப் பாட்டில் எழுந்தான். நாற்காலியைத் தூக்கினான். மேசைகளுக்கு நடுவே சுமந்து போய் அவள் முன்னால் வைத்தான்.

“இது எம் பொஞ்சாதி உக்கார்ற இடம். செத்துப்போயிட்டா.”

அவள் முகம் மாறியது. “எங்கிட்ட யாரும் சொல்லலையே...”

“நாந்தான் சொல்லியிருக்கணும்.” நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். “ரெண்டு வருஷமா அவளுக்காகக் காலியா கெடந்துச்சு. இந்த நாலு நாளா... உங்களுக்காக. பஸ் ஏறாதீங்க.”



லுவெல்லா பெட்டியைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். காலணியைக் கழற்றினாள்.

“பாட்டு பாதியில நிக்குது,” என்றாள். “போய் முடிங்க... நான் இங்கதான் இருக்கேன்.”

வெண்டல் பியானோவுக்குத் திரும்பினான். பக்கத்தில் வெறும் தரை. ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு சுவரோரம் பார்த்தபடி வாசித்தான்.