குடம் ஏறிய படிகள்

விடியுமுன், தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி அடித்தது. அப்பா முருகையா ரப்பர்ப் பால் வாளியை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவும் போனாள். முத்தாயி தம்பியை எழுப்பினாள். இருவரும் ரொட்டியைக் கோப்பியில் தொட்டுத் தின்றார்கள். பிறகு அவள் குடத்தில் தண்ணீர் நிரப்பி, தலையில் வைத்து, வீட்டைச் சுற்றி நடந்தாள். தினமும் அப்படித்தான்.

இந்த வருடத் திருவிழாவில் அவள் பால்குடம் எடுக்க வேண்டும். தம்பி சன்னாசிக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா வைத்த வேண்டுதல் அது. டவுன் ஆற்றில் குளித்து, அங்கேயே குடத்தைத் தூக்கி, கோயில்வரை சிந்தாமல் நடக்க வேண்டும்.

ஆற்றங்கரையைச் சீரமைக்கும் வேலை நடக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா பிள்ளைகள் இருவரையும் எஸ்டேட் லோரியில் அழைத்துப்போனார். முத்தாயி குடத்தையும் எடுத்துக்கொண்டாள்.

கரையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள். கடைகளுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டைக் காணோம். அகலமான நடைபாதை. பழைய மழைமரம் மட்டும் அப்படியே நின்றது.

ஓரிடத்தில் பலகையால் மாதிரிப் படிகள் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், கையில் வரைபடத்தோடு நின்றார். பெயர் ஆவுடையம்மை. சிரம்பான் நகரத்துக்காரர். கரைக்குத் திட்டம் போட்டவர் அவர்தான்.

"ஏறிப் பாரு தங்கச்சி."

முத்தாயி ஆற்றில் குடத்தை நிரப்பி, தலையில் வைத்து ஏறினாள். கட்டைவிரல் இடித்தது. தண்ணீர் முழுவதும் அவள் மேல்.

"திருவிழாவுக்கு முன்னாடியே குளிச்சிட்டா லா!" சன்னாசி கைதட்டினான்.

முத்தாயிக்குக் கண் கலங்கியது. "அன்னிக்குப் பால் கொட்டிட்டா நான் என்னக்கா செய்வேன்?"

"ஒசரம் சரியாத்தானே இருக்கு? எல்லாரும் ஏறுறாங்களே."

"அவங்க காலப் பாத்து ஏறுறாங்க. குடம் இருந்தா குனிய முடியாது. நீங்க ஏறிப் பாருங்களேன்."

"ஏய், சும்மா இரு தாயி," அப்பா பதறினார்.

ஆவுடையம்மை அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார். குடத்தை மறுபடி நிரப்பி, தலையில் வைத்து இரண்டு படி ஏறினார். கண்ணாடி வழியே தண்ணீர் ஒழுகியது. "ஐயையோ!" என்று சிரித்தார்.

இருவரும் மணலில் செங்கல்லை அடுக்கினார்கள்.

"இன்னும் தாழ்த்தவா?"

"தாழ்த்துங்கக்கா. அகலமும் வேணும்."

அடுக்கினார்கள், கலைத்தார்கள், மறுபடி அடுக்கினார்கள். முத்தாயி கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். கால் தானாகவே அடுத்த படியைக் கண்டுபிடித்தது.

ஆவுடையம்மை வரைபடத்தை விரித்தார். முகம் வாடியது. "படி இவ்வளவு நீண்டா மரத்த வெட்டணுமே."

"ஏன் வெட்டணும்? சுத்திப் போங்க. சாமி ஊர்வலம் என்ன, நேராவா போகுது?"

ஆவுடையம்மை மரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார்.

திருவிழா வந்தது. கல்படிகள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, மரத்தை வளைத்து மேலே போயின. அவற்றில் மலாய்ப் பிள்ளைகள் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்ற சீனர் கடைகள் இந்தப் பக்கமும் கதவு திறந்திருந்தன.

மேளம் முழங்கியது. முத்தாயி ஈரத்துணியோடு, நேரே பார்த்தபடி ஏறினாள். பால் தளும்பவில்லை. மரத்தைச் சுற்றிக் கடைசிப் படிக்கு வந்தபோது, வளைவு அவளை ஆற்றின் பக்கமே திருப்பி நிறுத்தியது. பாலத்தைத் தாண்டி, மலை அடிவாரம்வரை ஆற்று நீரில் ஒரே வெளிச்சம்.

அவள் நின்றுவிட்டாள்.

"நடம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க," என்றார் அப்பா.

"இருங்கப்பா. நம்ம ஆறு இவ்வளவு பெருசா?"