தூரத்திலிருந்து பக்கத்துக்கு

ஏரிக்கரை வாடகை வீட்டில் பெட்டியை இறக்கிய கையோடு போட்டோகிராபர் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மஞ்சள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மனைவியும் பின்னாலேயே வந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாசி வாடை மூக்கைத் துளைத்தது. அவ்வளவு பெரிய ஏரியில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

காலடிப் பாறையும் அக்கரை மரங்களும் ஒரே படத்தில் தெளிவாக விழாது. ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரிசையாகப் பல படங்கள் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றாக்க வேண்டும். ஊரே பக்கத்தில் தொடங்கித் தூரத்துக்குப் போகும். இவர் மட்டும் அக்கரையில் தொடங்கித் தன் காலடிக்கு வருவார்.

"உங்களுக்கு எல்லாமே தலைகீழ்தான்," என்றாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டது மட்டும் நேரா நடந்துச்சு."

எடுத்து முடித்து, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேமராவின் திரையில் பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. அக்கரை மரத்தடியில் ஒரு பெண். ஈரக் கூந்தல் முகத்தை மூடியிருந்தது. அடுத்த படத்தில் ஏரி நடுவே, தண்ணீரின் மேல். அதற்கடுத்துப் படகுத்துறையில். ஃபோகஸ் வந்த இடத்துக்கெல்லாம் அவளும் வந்திருந்தாள்.

கடைசிப் படத்தில், காலடிப் பாறையில்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாறையில் யாருமில்லை. காய்ந்த கல்லின்மேல் இரண்டு ஈரப் பாதங்களின் தடம் மட்டும் இருந்தது.

"நீங்கதாங்க கூட்டிட்டு வந்துட்டீங்க," என்றாள் மனைவி. "திருப்பி அனுப்பிடுங்க."

எப்படி என்று அவருக்குப் புரிந்தது.

"என் சட்டையைப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விட்டுடாத."

பின்னால் பிடி இறுகியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பாறையில் தொடங்கி, ஒவ்வொரு க்ளிக்காக ஃபோகஸை அக்கரை வரைக்கும் தள்ளினார். வந்தவள் போய்விட வேண்டும், இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

திரையில் கடைசிப் படம் தெரிந்தது. தூரத்தில், அக்கரை மரத்தடியில், துளியூண்டாக ஓர் உருவம்.

"போயிட்டா," என்றார். அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.



படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

மஞ்சள் ஸ்வெட்டர்.

அவரை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, வாய் திறந்து அலறிக்கொண்டிருந்தாள்.

சட்டையைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. அவர் முதுகு நனைந்து, குதிகாலில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.