முதன்மை ரூட்டரில் இன்னொருவர்

கட்டடத்தில் ஒருவருமில்லாத விடுமுறை நாளில், முதன்மை ரூட்டரின் நினைவகத்தில் காலியிடம் குறைந்துகொண்டே வந்தது. வேலைநாள் என்றால் ஊரிலுள்ள நிறுவனக் கிளைகளெல்லாம் போட்டி போட்டுத் தகவலை இழுக்கும், நிரம்பும். இன்று கிளைகள் பூட்டிக் கிடக்க, தின்பது யார்? அலுவலக வளாகக் குடியிருப்பில் சோபாவில் சாய்ந்தபடியே அவன் மடிக்கணினி வழியாக ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டான். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. மறுபடி கரையத் தொடங்கியது. பிறகு அவனையே உள்ளே விட மறுத்தது. இடமில்லையாம்.

மேலாளர் போனில் கத்தினார். "நேர்ல போய்ப் பாருப்பா. காலைல லைன் செத்துக் கிடந்தா நம்ம ரெண்டு பேருக்கும் சங்குதான்."

அவன் அடையாள அட்டையைத் தேடுவதை மனைவி கவனித்தாள்.

"அந்த ரூமுக்கா?"

"போயிட்டு உடனே வந்துடறேன்."

அவளுடைய தம்பி செத்தது அந்த அறையில்தான். கேபிள் போடும் வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டதே இவன்தான். உள்ளே தீப்பிடித்தபோது, தீயை அணைக்கத் திறந்துகொண்ட கரியமில வாயுவில் மூச்சு முட்டிச் செத்தான். விபத்து என்று விசாரணையில் முடிந்துபோனது.

கதவு அவனுக்குப் பின்னால் பஞ்சுபோல் மூடிக்கொண்டது. அடுக்கடுக்காக நின்ற இயந்திரங்களின் மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைய, குளிர்காற்று காலடிப் பலகைகளின் துளைகள் வழியே கால்சட்டைக்குள் ஏற, சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த அறையின் பழைய வாசனைக்கு அடியில் ஈரத்துணியை மூடிவைத்தாற்போல இன்னொரு வாசனையும் இருப்பதாக அவனுக்குப் பட்டது. மடிக்கணினியை ரூட்டரில் நேரடியாகச் செருகினான். நேரடியாகச் செருக அதில் இரண்டு துளைகள் உண்டு. மற்றதில் ஏற்கெனவே ஒரு நீலக் கேபிள் இருந்தது.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். இரண்டு பேர் என்றது ரூட்டர். ஒன்று அவன். இன்னொருவர் அந்த நீலக் கேபிள் வழியாக.

அந்தத் துளையில் வெளியூரிலிருந்து நுழைய முடியாது. கேபிளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இதே அறையில் இருக்க வேண்டும்.

துண்டித்தான். அந்த ஆள் மறுபடி வந்தான். துண்டித்தான். வந்தான். வரும்போதெல்லாம் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, திருப்பித் தராமல், மேலும் மேலும்.

கேபிளைத் தடவிக்கொண்டே குனிந்தான். அது தரைப் பலகைகளின் இடுக்கில் இறங்கிப் போயிருந்தது. இழுத்தான். கொஞ்சம் வந்தது.

பிறகு கீழிருந்து இழுபட்டது.

கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, தம்பி பேசினான்."

"என்ன உளர்ற?"

"வீட்ல இருக்கிற ஆபீஸ் போன்ல. 'அத்தான் வந்துட்டாரா'ன்னு கேட்டான்."

"வேற... வேற என்ன சொன்னான்?"

அவள் எங்கோ வேகமாக நடக்கும் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

கதவுக்கு ஓடி அட்டையை வைத்தான். திறக்கவில்லை. பூட்டு ரூட்டரைத்தான் கேட்க வேண்டும். ரூட்டருக்குப் பதில் சொல்ல இடமில்லை. பலகைத் துளைகளிலிருந்து புகை நூல்நூலாக எழுந்தது. அபாய மணி அலறியது.

அன்றைக்கும் இதே மணிதான். தம்பி உள்ளே; அவன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றான். வாயுவைத் தடுத்து நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவன் விரலுக்கடியில் இருந்தது. விரலை எடுக்காதவரை வாயு வராது. புகை இயந்திரங்களை நோக்கிப் போவதைப் பார்த்தான். கண்ணாடியில் தட்டிய கையையும் பார்த்தான். அத்தான், அத்தான். இயந்திரங்கள் போனால் வேலை போய்விடும். விரலை எடுத்தான். உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்று விசாரணையில் சொன்னான். மனைவியை மார்பில் சாய்த்துக்கொண்டு அவளிடமும் அதையே சொன்னான்.

இப்போது மணி நின்றது.

கண்ணாடிக்கு வெளியே மனைவி. காதில் கைபேசி. மற்றக் கையின் விரல் பொத்தானில்.

"அழுத்திட்டே இரு! எடுத்துடாதம்மா! கேட் காவலாளியைக் கூப்பிடு!"

"அன்னிக்கு அவன் தட்டினானா?"

"இல்ல."

"உங்களைக் கூப்பிட்டானா?"

"சத்தியமா இல்லடி. உள்ள இருந்ததே எனக்குத் தெரியாது."

காலுக்கடியில் தட்டும் சத்தம்.

அவன் அசையவில்லை. மீண்டும். பக்கத்துப் பலகையில். அதற்கடுத்த பலகையில். பலகை நகரும் உரசல். ஈரத்துணி வாசனை முகத்துக்கு வந்தது.

"அத்தான்." கைபேசியில் இல்லை. பிடரிக்குப் பின்னால்.

மனைவியின் கண்கள் அவனை விட்டு விலகி, அவன் தோளுக்கு மேலே போய் நின்றன. அவள் முகம் மலர்ந்தது. தம்பி பள்ளியிலிருந்து ஓடி வரும்போது அவளுக்கு அப்படித்தான் மலருமாம், அவளே சொல்லியிருக்கிறாள். அவன் பார்த்ததில்லை.

கைபேசியை நழுவவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவள் கண்ணாடியில் பதித்தாள். அவனுக்காக அல்ல.

பொத்தானில் யாருடைய விரலும் இல்லை.